நாற்காலி யாருக்கு? அமெரிக்கக் கட்சி மாநாட்டில் ஒரு பிரதிநிதியின் இடம்

1964 ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம். நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை அரங்கில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி இடம் ஒதுக்கி, மாநிலத்தின் பெயர் எழுதிய கம்பம் நிறுத்தி, சுற்றிலும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மிசிசிப்பிக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும், காலியாகக் கிடந்த நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். முந்தைய நாள் இரவு அங்கே வந்து உட்கார்ந்த கறுப்பின மக்கள் மறுபடி வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அவர்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாததால் நின்றுகொண்டு பாடினார்கள்.

ஒரு கட்சிக் கூட்டத்தின் நாற்காலிக்கு ஏன் இத்தனை போராட்டம் என்று நமக்குத் தோன்றலாம். நம் ஊர் மாநாடுகளில் தலைவர் பேசுவார், தொண்டர் கேட்பார். வேட்பாளர் யார் என்பது வேறு எங்கோ, வேறு யாராலோ முடிவாகும். வேனில் வந்து இறங்கும் தொண்டருக்கு அந்த முடிவில் கை வைக்க வழியே கிடையாது. அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளுடைய தேசிய மாநாடு அப்படிப்பட்டதல்ல. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடும் அந்த மாநாட்டுப் பிரதிநிதிகள் வாக்களித்தால்தான் ஒருவர் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆக முடியும். அதற்கு முன் பல மாதங்கள் மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரி என்கிற முதல்நிலைத் தேர்தலில் மக்கள் போடும் வாக்கு, எந்த வேட்பாளருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. தொலைக்காட்சி 'இவர் இந்த மாநிலத்தை வென்றுவிட்டார்' என்று சொல்வதன் உள்ளர்த்தம், அந்த மாநிலத்து நாற்காலிகளில் இவருடைய ஆட்கள் உட்காரப்போகிறார்கள் என்பதே.

அந்த நாற்காலியைப் பிடிப்பது எப்படி? மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். ஜனநாயகக் கட்சியில், ஒரு மாநிலத்திலோ தொகுதியிலோ குறைந்தது 15 சதவீத வாக்குப் பெற்ற வேட்பாளருக்கு விகிதாச்சாரப்படி இடங்கள் உண்டு. குடியரசுக் கட்சியில் சில மாநிலங்கள் விகிதப்படி பிரிக்கின்றன. பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே அத்தனையும். இடங்கள் முடிவானபின் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில மாநிலங்களில் பிரதிநிதியின் பெயரே வாக்குச்சீட்டில் அச்சாகியிருக்கும். பல இடங்களில், ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட அரங்கிலோ தொழிற்சங்க மண்டபத்திலோ தொகுதிக் கட்சியினர் கூடுவார்கள். போட்டியிடுகிறவர் ஓரிரு நிமிடம் பேசி வாக்குக் கேட்பார். அங்கே ஜெயிக்கப் பெரிய பேச்சாற்றல் தேவையில்லை. தெரிந்தவர்கள், நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று ஐம்பது அறுபது பேரைக் காலையில் எழுப்பிக் கூட்டிவந்தால் போதும். வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்த ஆசிரியையும், ஓய்வுபெற்ற செவிலியரும், முதல் வாக்கைப் போட்ட கல்லூரி மாணவரும் இந்த வழியாகத்தான் மாநாட்டுக்குப் போகிறார்கள். ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகளில் ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

போகிறவருக்குச் சம்பளம் இல்லை. விமானம், ஐந்து இரவு ஹோட்டல், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் அவரவர் செலவு. மாநாட்டு வாரத்தில் அந்த நகரத்து ஹோட்டல் வாடகை எந்த உயரத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மொத்தம் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும். இளைஞர்கள் பலர் இணையத்தில் நண்பர்களிடம் நன்கொடை திரட்டிப் போகிறார்கள். மக்களின் குரல் என்று பெயர் வைத்துவிட்டு, கையில் பணம் இருப்பவர் வருவது எளிது, இல்லாதவர் வருவது கடினம் என்று விட்டுவைத்திருப்பதை என்னால் சிறிய குறையாக நினைக்க முடியவில்லை.

மாநாட்டு நாள் காலைச் சிற்றுண்டியில் தொடங்குகிறது. ஒவ்வொரு மாநிலக் குழுவும் தனித்தனி ஹோட்டலில் தங்கும். காலையில் அங்கே கூடும்போதுதான் அன்றைய அனுமதி அட்டை கையில் கிடைக்கும். நாளுக்கு ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் அரங்கத்துக்குள் கால் வைக்கலாம். பகலில் குழுக் கூட்டங்கள், மகளிர் அமைப்பு, தொழிலாளர் அமைப்பு, இன வாரியான அமைப்புகள். மாலையில் பஸ் ஏறி, அதிபருக்குப் பாதுகாப்புத் தரும் ரகசியச் சேவைப் பிரிவு போட்ட வேலிகளையும் சோதனை வாசல்களையும் வரிசையில் நின்று கடந்து, மாநிலக் கம்பத்தைத் தேடிப் போக வேண்டும். இடம் பிடித்தபின் எழுந்து போனால் திரும்பி வரும்போது அந்த இடம் இருக்கும் என்று உறுதியில்லை. எந்தப் பேச்சுக்கு எந்தப் பதாகையைத் தூக்குவது என்பதற்கும் தன்னார்வலர்கள் வரிசை வரிசையாக வந்து கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். அடுத்த பேச்சுக்கு வேறு பதாகை வரும்.

இதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர், இவர்கள் கைதட்டக் கூட்டிவந்த கூட்டம் என்று முடிவுகட்டிவிடுகிறார். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாநாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்கத்தான் அந்த எண்ணம் மாறியது.

வேட்பாளரை மாநாடு கூட்டித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1831-இல் தொடங்கியது. மேசன் என்ற ரகசியச் சகோதரத்துவச் சங்கத்தின் ஆதிக்கத்தை எதிர்த்துத் தோன்றிய ஒரு சிறிய கட்சி பால்டிமோர் நகரில் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டியது. அடுத்த ஆண்டு அதே நகரில் ஜனநாயகக் கட்சி கூடியது. அதற்கு முன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடி வேட்பாளரை முடிவு செய்துவந்தார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் பிடியை உடைத்தது மாநாடு. ஆனால் பிடி வேறு கைக்குப் போனது. மாநிலக் கட்சித் தலைவர் கைகாட்டிய இடத்தில் அவருடைய குழு முழுவதும் வாக்களிக்கும் நிலை வந்தது. 1860-இல் லிங்கனை மூன்றாம் சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளராக்கியது சிகாகோ மாநாடு. அறுபது வருடம் கழித்து அதே சிகாகோவில் ஒரு ஹோட்டல் அறையில் தலைவர்கள் சிலர் இரவெல்லாம் பேசிவிட்டுப் போக, மறுநாள் வாரன் ஹார்டிங் குடியரசுக் கட்சி வேட்பாளரானார். 'புகை மண்டிய அறை' என்ற சொல் அமெரிக்க அரசியலில் நிலைத்தது அப்போதுதான்.

1924-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் கூடிய ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதிகள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்தக் கட்சியில் வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நியூயார்க்கின் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் ஒரு பக்கம், வில்லியம் மெக்கடூ இன்னொரு பக்கம். கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் ஏறத்தாழ ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதன்பின் இரு தரப்பும் ஒன்றையொன்று விடவில்லை. அகர வரிசையில் முதலில் வரும் அலபாமா ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து தன் 24 வாக்குகளையும் தன் மாநிலத்து அண்டர்வுட்டுக்கே போட்டது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக வானொலியில் மாநாடுகளைக் கேட்ட நாடு, 'அலபாமா, 24 வாக்குகள்' என்ற குரலை நாள் கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. 103 சுற்றுகள். இரண்டு வாரத்துக்கு மேல். கடைசியில், யாரும் முதலில் நினைத்திராத ஜான் டேவிஸ் வேட்பாளரானார், நவம்பரில் தோற்றார். 1952-க்குப் பிறகு எந்தப் பெரிய கட்சியின் மாநாடும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

இனி அட்லாண்டிக் சிட்டிக்கு வருவோம். மிசிசிப்பி மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். வாக்காளராகப் பதிவு செய்ய முடிந்தவர்களோ அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி அனுப்பிய பிரதிநிதிகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். உள்ளே விடாத கட்சிக்கு வெளியே, அதே விதிகளின்படி, கிராமக் கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு என்று படிப்படியாக நடத்தி, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் தங்கள் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பஸ்ஸில் அட்லாண்டிக் சிட்டிக்கு வந்தார்கள். கேட்டது ஒன்றே: மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள், அந்த நாற்காலிகள் எங்களுடையவை.

பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுவின் முன், ஆகஸ்ட் 22 அன்று, ஃபேனி லூ ஹேமர் வந்து உட்கார்ந்தார். வயது 46. நிலத்தை வாரத்துக்கு எடுத்து, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. கையில் குறிப்பு எதுவும் இல்லை. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், பிறகு 1962 ஆகஸ்ட் 31-இல் தொடங்கினார். அன்றைக்குப் பதினெட்டுப் பேர் 26 மைல் பயணம் செய்து வாக்காளராகப் பதிவு செய்யப் போனார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. ஓட்டுநர் மேல் போட்ட குற்றச்சாட்டு, தவறான நிறத்தில் பஸ் ஓட்டினார் என்பது. வீடு வந்து சேர்ந்தால் தோட்ட முதலாளி காத்திருந்தார்: பதிவைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய். பதினெட்டு வருடம் உழைத்த தோட்டம். "நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்று சொல்லிவிட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார். அடுத்த வருடம், வினோனா என்ற ஊரின் சிறையில், காவலர்கள் இரண்டு கைதிகளை ஏவி, அவரைக் குப்புறப் படுக்கவைத்து அடிக்கச் சொன்னார்கள். ஒருவன் கை ஓயும்வரை அடித்தான். பிறகு இன்னொருவன் வாங்கிக்கொண்டான். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல், இடையில் ஒரு சொல்லுக்கும் தேடாமல் அவர் சொல்லிக்கொண்டு போனார். முடிவில், சுதந்திர ஜனநாயகக் கட்சிக்கு இப்போது இடம் தராவிட்டால் நான் இந்த அமெரிக்காவையே கேள்வி கேட்கிறேன் என்றார்.

தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. தென் மாநிலங்கள் கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்த அதிபர் லிண்டன் ஜான்சன், ஹேமர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மாளிகையில் திடீரென்று செய்தியாளர்களைச் சந்தித்தார். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. அது பயன் தரவில்லை. அன்று இரவே தொலைக்காட்சி நிறுவனங்கள் ஹேமரின் வாக்குமூலத்தை ஒளிபரப்பின. பகலில் கேட்டவர்களைவிட அதிகம் பேர் இரவில் கேட்டார்கள்.

கட்சித் தலைமை ஒரு சமரசம் கொண்டுவந்தது. இரண்டு இடம் தருகிறோம். ஆனால் மிசிசிப்பியின் இடங்கள் அல்ல, பொதுவான இரண்டு இடங்கள். அவற்றில் யார் உட்காருவது என்பதையும் நாங்களே சொல்கிறோம். மற்றவர்கள் விருந்தினராக இருந்துகொள்ளலாம். இரண்டு இடத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று ஹேமரும் மற்றவர்களும் மறுத்துவிட்டார்கள். பெரிய தலைவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளச் சொல்லியும் மறுத்தார்கள். அது பிடிவாதம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியாது. யார் பிரதிநிதி என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வதைத்தானே எதிர்த்து அவர்கள் வந்தார்கள்? வேறு மாநிலப் பிரதிநிதிகள் கழற்றிக் கொடுத்த அட்டைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வெள்ளைப் பிரதிநிதிகள் பெரும்பாலோர் வெளியேறியிருந்ததால் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மறுநாள் நாற்காலிகள் இல்லை. இவ்வளவுக்கும் ஜான்சன் நவம்பரில் மிசிசிப்பியில் தோற்றுத்தான் போனார்.

ஆனால் அந்தச் சமரசத்தில் ஒரு வரி இருந்தது: அடுத்த மாநாட்டில், இனத்தைக் காட்டி ஆளை ஒதுக்கும் எந்த மாநிலக் குழுவுக்கும் இடமில்லை. 1968-இல் சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய குழு வெளியே நிறுத்தப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழு உள்ளே வந்தது. அதில் ஒருவராக ஹேமர் தன் நாற்காலியில் உட்கார வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அதே மாநாட்டில்தான் வேறொரு காயமும் ஏற்பட்டது. வியட்நாம் போரை எதிர்த்து வெளியே திரண்ட இளைஞர்களை சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் போலீஸ் தெருவில் போட்டு அடித்தது. உள்ளே, ஒரு முதல்நிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி, மாநிலத் தலைவர்களின் கையிலிருந்த பிரதிநிதிகளின் பலத்தில் வேட்பாளரானார். மக்கள் போட்ட வாக்குக்கு என்ன பொருள் என்று கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட அமைத்த குழுவுக்கு முதலில் ஜார்ஜ் மெக்கவர்னும் பிறகு டொனால்ட் ஃப்ரேசரும் தலைமை தாங்கினார்கள். பிரதிநிதிகளை வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெண்களும் இளைஞர்களும் சிறுபான்மையினரும் மக்கள்தொகைக்கு ஏற்ப வர வேண்டும் என்றது அந்தக் குழு. 1968-இல் 13 சதவீதமாக இருந்த பெண் பிரதிநிதிகள் 1972-இல் ஏறத்தாழ 40 சதவீதம். சரிபாதி விதி அந்தப் பாதையில் வந்ததுதான்.

1972-இல் மயாமி மாநாட்டில், புதிய விதிகளுக்குக் கட்டுப்படாமல் தன் ஆட்களைத் தேர்ந்தெடுத்து வந்த டேலியின் குழுவுக்கே இடம் மறுக்கப்பட்டது. நான்கு வருடத்துக்கு முன் மாநாட்டையே தன் ஊரில் நடத்தியவர். அவருக்குப் பதில் உட்கார்ந்த குழுவில் கறுப்பின உரிமைப் போராளியான இளைஞர் ஜெஸ்ஸி ஜாக்சன் இருந்தார். அந்த மாநாடு தேர்ந்தெடுத்த மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். அதைக் காட்டி, சாதாரணப் பிரதிநிதிகளிடம் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று கட்சியின் மூத்தவர்கள் வாதிட்டு, எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகளுக்குத் தேர்தல் இல்லாமலே இடம் தரும் சூப்பர் பிரதிநிதி முறையை 1984 முதல் கொண்டுவந்தார்கள். பதவியில் இருப்பவருக்கு நாற்காலி தானாக வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2016-இல் வேட்பாளர் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் இதை எதிர்த்துக் கொதித்தபின், 2018-இல் விதி மாறியது. போட்டி இருக்கும்போது முதல் சுற்றில் சூப்பர் பிரதிநிதிகளுக்கு வாக்கு இல்லை.

இதற்கு நடுவே இன்னொரு கேள்வி. பிரதிநிதி, தன்னை அனுப்பியவர் சொன்னபடி மட்டும் வாக்களிக்கும் தூதரா, யோசித்து முடிவெடுக்கும் மனிதரா? 1976-இல் குடியரசுக் கட்சியில் அதிபராக இருந்த ஃபோர்டும் அவரை எதிர்த்த ரீகனும் மோதியபோது, யார் பக்கமும் சேராத பிரதிநிதிகளை அதிபரே தொலைபேசியில் அழைத்தார். வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு உபசரித்தார். 1187-க்கு 1070 என்று ஃபோர்டு தப்பித்தார். இன்று அந்தக் கட்சியின் விதி கடுமையானது: கட்டுப்பட்ட பிரதிநிதி எழுந்து வேறு பெயர் சொன்னாலும், எந்த வேட்பாளருக்குக் கட்டுப்பட்டவரோ அவருக்கே வாக்குப் பதிவாகும். ஜனநாயகக் கட்சியோ 1980 சண்டைக்குப் பின் வேறு வழியில் போனது. அந்த ஆண்டு, பிரதிநிதிகளைக் கட்டுகளிலிருந்து விடுவிக்கச் சொல்லி, அதிபர் கார்ட்டரை எதிர்த்துப் போட்டியிட்ட எட்வர்ட் கென்னடி போராடித் தோற்றார். பிறகு எழுதிய விதி, பிரதிநிதிகள் தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் உணர்வை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் மனசாட்சி என்ற சொல்லைப் பார்ப்பது அரிது. நாற்பது வருடம் அந்தச் சொல்லுக்கு வேலை வரவில்லை.

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, வேலை வந்தது. ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,900 பேர் ஒரே மதியத்தில் யாருக்கும் கட்டுப்படாதவர்கள் ஆனார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லும் அதிகாரம் பைடனுக்கும் இல்லை. கமலா ஹாரிஸை ஆதரிக்கிறேன் என்று அவரால் சொல்ல மட்டுமே முடிந்தது. மாநிலக் குழுக்கள் அவசரமாக இணையவழியில் கூடின. திங்கள் இரவுக்குள் ஹாரிஸுக்குத் தேவையான 1,976-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் ஆதரவு சொல்லிவிட்டதாகச் செய்திகள் வந்தன. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் அவருடைய தாத்தா ஊர்க்காரர்கள் கோயிலில் பூஜை செய்த செய்தியை நம் பத்திரிகைகள் படத்துடன் போட்டன. 2020 மாநாட்டு உரையில் அவர் 'சித்தி' என்று சொன்னதைக் கேட்டு நெகிழ்ந்தவர்கள் நாம். ஆனால் அவரை வேட்பாளராக்கிய அந்தப் பிரதிநிதிகள், சனிக்கிழமை காலையில் பள்ளி அரங்கில் ஐம்பது பேரைத் திரட்டி ஜெயித்த ஆட்கள், நம் செய்திகளில் எங்கும் வரவில்லை. ஒஹாயோ மாநிலத்தின் வேட்பாளர் பதிவுக் கெடுவைக் காரணம் காட்டி மாநாட்டுக்கு முன்பே, ஆகஸ்ட் 5-இல் முடிந்த இணையவழி வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 99 சதவீதம் பேர் ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு வேகமாக முடிந்துவிட்டதே, விவாதம் நடந்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஹாரிஸின் பக்கம் நில்லாத சுமார் முப்பது பேரும் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். காசாப் போரைக் கண்டித்து, யாருக்கும் இல்லை என்று முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்த லட்சக்கணக்கான மக்கள் அனுப்பிய பிரதிநிதிகள். மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குச் சில நிமிடம் பேச இடம் கேட்டார்கள். மறுப்பு வந்தது புதன்கிழமை மாலை. கழுத்தில் அட்டையோடு, உள்ளே தங்களுக்கென்று நாற்காலி இருந்தும், சிகாகோவின் யுனைடெட் சென்டர் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். மறுநாள் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.